எழுதுவதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பால் கணக்கு எழுதுகிறோம். மளிகை லிஸ்ட் எழுதுகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு டீச்சருக்கு லீவ் லெட்டர் எழுதுகிறோம். பிறந்த வீட்டுக்கு இன்லண்ட் லெட்டரின் மடிப்பு ஓரம் வரை நுணுக்கி நுணுக்கி எழுதிய காலமும் உண்டு. ஆக, பேனா பிடிக்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். ஆனால் யாராவது வந்து, "உன் மனசிலே இருக்கிறதை எழுதி நாலு பேர் படிக்கிற மாதிரி அச்சிலே போடேன்" என்று சொல்லிவிட்டால் போதும். "ஐயையோ, நானா! எனக்கு என்ன தெரியும்? அதெல்லாம் படிச்சவங்க சமாசாரம்" என்று அடுப்படிக்குள் போய்விடுகிறோம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? யாராவது நம்மைத் தடுத்தார்களா? சட்டம் தடுக்கிறதா? அல்லது நாமே ஒரு தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமா? சகோதரிகளே, கொஞ்சம் பொறுமையாக இதைப் பார்க்கலாம். நாம் சும்மா வைத்திருக்கிற இந்த உரிமைக்காக நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், அதை இப்படி மூலையில் போட்டு வைக்க மனசு வராது.

அடுப்படியில் ஒளித்து வைத்த ஏடு

ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முந்தைய வங்காளம். இன்று பங்களாதேஷில் இருக்கிற ஒரு கிராமத்தில் ரஸசுந்தரி தேவி என்று ஒரு குடும்பப் பெண் இருந்தார். 12 வயசில் கல்யாணம். பின்னால் 12 குழந்தைகள். பெரிய குடும்பம். விடிவதற்கு முன்னால் தொடங்கினால் நடுராத்திரி வரை வேலை. தான் ஒரு வாய் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காத நாட்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார்.

பெண் படித்தால் விதவையாகி விடுவாள் என்று நம்பிய காலம் அது. காகிதத்தை ஒரு பெண் கையில் வைத்திருந்தாலே வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ரஸசுந்தரிக்கோ சைதன்ய பாகவதம் என்ற பக்தி நூலைத் தானே படிக்க வேண்டும் என்று ஆசை. யாரிடம் கேட்பது? ஒருநாள் அந்தச் சுவடியைக் கட்டு அவிழ்த்து வைத்திருந்தபோது அதிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டார். மூத்த மகன் எழுத்துப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் சமையலறையில் மறைத்து வைத்து, சமைத்துக்கொண்டே, முக்காட்டுக்குள் இடது கையில் பிடித்தபடி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சின்ன வயசில் தகப்பனார் வீட்டில், ஆண் பிள்ளைகள் பாடம் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதில் வாங்கிய எழுத்துக்களின் ஞாபகம்தான் துணை. அப்படியே படிக்கக் கற்றுக்கொண்டார்.

எழுதக் கற்றுக்கொண்டது அதற்கும் வெகு காலம் கழித்து. வெளியூரில் இருந்த மகன், "என் கடிதத்துக்கு நீயே பதில் எழுதக் கூடாதா அம்மா?" என்று கேட்டு, எழுதுகிற சாமான்களையும் கொடுத்துவிட்டுப் போனான். அந்த அம்மாள்தான் பிற்பாடு 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை' என்ற புத்தகத்தை எழுதினார். வங்க மொழியில் வெளியான முதல் முழுமையான சுயசரிதை என்று அதைச் சொல்கிறார்கள். ராஜாவும் எழுதவில்லை, ஜமீன்தாரும் எழுதவில்லை. அடுப்பு ஊதிய ஒரு தாயார் எழுதினார். அன்றைய பெண்கள் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எப்போது சாப்பிட்டார்கள், தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தும் போய்ப் பார்க்க முடியாமல் எப்படித் தவித்தார்கள் என்பதெல்லாம் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது என்றால், அவர் எழுதி வைத்ததால்தான். அவர் எழுதியிருக்காவிட்டால் அந்தக் காலத்துப் பெண்களைப் பற்றி ஆண்கள் எழுதியது மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கும்.

தோழி எழுதினாள், இவர் சொன்னார்

நம் சென்னைத் திருவல்லிக்கேணிக்கு வருவோம். வை. மு. கோதைநாயகி அம்மாள் என்ற பெயரை நம் பாட்டிமார் காலத்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1901ல் பிறந்தவர். ஐந்தரை வயசில் கல்யாணம். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் கதை சொன்னால் குழந்தைகள் அசையாமல் உட்கார்ந்து கேட்குமாம். மனசில் ஒரு நாடகம் உருவானபோது எழுதத் தெரியவில்லை. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக் கொடுத்தார். அதுதான் 'இந்திர மோகனா' என்ற நாடகம். அந்தத் தோழியிடமே தமிழ் எழுதவும் கற்றுக்கொண்டார்.

1925ல் 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையை ஏற்று நடத்த ஆரம்பித்தார். குடும்பத்துப் பெண் பத்திரிகை நடத்துவதா என்று கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. கணவர் பக்கபலமாக நின்றார். அச்சகமும் வந்தது. சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார், அங்கேயும் எழுதினார். 1960ல் காலமாகும்போது அவர் எழுதியிருந்த நாவல்கள் 115. தோழியின் கையால் தொடங்கிய எழுத்து எங்கே போய் நின்றது பாருங்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மாவுக்குப் பதின்ம வயசு தொடங்கியதுமே பள்ளிப்படிப்பு நின்றுபோனது. கல்யாணமான பிறகு வீட்டார் கண்ணில் படாமல், ராத்திரியில் குளியலறையில் நின்றுகொண்டு எழுதினார். எழுதிய காகிதங்கள் ரகசியமாக வெளியே போயின. இயற்பெயரில் எழுதினால் வீட்டில் பிரளயம் வரும் என்பதால்தான் 'சல்மா' என்ற புனைபெயர். 2000ல் கவிதைத் தொகுதி வந்தது. பிறகு பேரூராட்சித் தலைவியானார். மறைந்து எழுதியவர் மேடையேறிப் பேசினார்.

டெல்லிக்குப் பக்கத்தில் குர்கானில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பேபி ஹால்தாரின் கதை இன்னும் ஆச்சரியம். 12 வயசில் கல்யாணம், அடி உதை, மூன்று குழந்தைகளோடு ஊரைவிட்டு வந்தவர். அவர் வேலை பார்த்த வீட்டுப் பெரியவர் பிரபோத் குமார், புகழ்பெற்ற எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண் புத்தகங்களைத் தொட்டுப் புரட்டிப் பார்ப்பதைக் கவனித்தவர், ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்து, "உன் கதையை எழுது" என்றார். வேலை முடிந்து, குழந்தைகள் தூங்கிய பிறகு எழுதினார். அந்தப் புத்தகம் 2002ல் ஹிந்தியில் வெளிவந்து, பிறகு பல மொழிகளுக்குப் போனது.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். இதை நாம் நினைத்துப் பார்ப்பதுண்டா?

சட்டம் நம் பக்கம்

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளைக்காரர் ஆட்சியின் தொடக்கத்தில் அச்சகம் வைப்பதற்குக் கெடுபிடி அதிகம். 1835ல் மெட்காஃப் என்ற கவர்னர் ஜெனரல் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகுதான் நம்மவர்கள் அச்சகம் வைப்பது பெருகியது. 1878ல் லிட்டன் பிரபு வந்து இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டும் அடக்க ஒரு சட்டம் போட்டார். ஆங்கிலத்தில் எழுதினால் தொந்தரவில்லை, தாய்மொழியில் எழுதினால் ஆபத்து! காரணம் எளிது. சாதாரண ஜனங்கள் படிப்பது தாய்மொழியில்தானே? பிற்பாடு ரிப்பன் பிரபு காலத்தில் அந்தச் சட்டம் போயிற்று. சென்னை மாநகராட்சிக் கட்டடம் தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான்.

1950 ஜனவரி 26ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டம் 19வது பிரிவில், பேச்சுச் சுதந்திரமும் கருத்தை வெளியிடும் சுதந்திரமும் எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இல்லை. ஆண், பெண் என்ற பேதமும் இல்லை. 'எழுத்தாளர்' என்ற வார்த்தையே அந்த இடத்தில் இல்லை. 'குடிமக்கள்' என்றுதான் இருக்கிறது.

அந்தச் சட்டம் வந்த நாலாவது மாசமே அதற்கு ஒரு பரீட்சை வந்தது, அதுவும் நம் சென்னையிலிருந்து. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பத்திரிகை பம்பாயில் அச்சாகிக்கொண்டிருந்தது. அது சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று அப்போதைய சென்னை அரசாங்கம் தடை போட்டது. அதை நடத்திய ரொமேஷ் தாப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே மாசம் தீர்ப்பு வந்தது. அச்சிட்டதை ஜனங்கள் கையில் கொண்டு சேர்க்கும் உரிமையும் கருத்துச் சுதந்திரத்தில் சேர்ந்ததுதான், அது இல்லாவிட்டால் பிரசுரிப்பதில் அர்த்தமே இல்லை என்று சொல்லித் தடையை நீக்கினார்கள். நம் பாஷையில் சொன்னால், "சமைத்துக்கொள், ஆனால் யாருக்கும் பரிமாறக் கூடாது" என்று சொல்ல முடியாது.

மறு வருஷமே அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்து, இந்தச் சுதந்திரத்துக்குக் கூடுதலாகச் சில 'நியாயமான கட்டுப்பாடுகள்' சேர்ந்தன. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. எதை அச்சிடலாம், எதை அச்சிடக் கூடாது என்று அதிகாரிகள் சொன்னார்கள். எழுதி வைத்த உரிமையும் ஒரே ராத்திரியில் பறிபோகலாம் என்பதை அந்த 21 மாதங்கள் காட்டின. வீட்டில் இருக்கிற வெள்ளிப் பாத்திரத்தை அவ்வப்போது எடுத்துத் துடைத்துப் புழங்கினால்தானே இருக்கிறதா இல்லையா என்றே தெரியும்? உரிமையும் அப்படித்தான்.

மூன்று வழக்குகள்

ஒரு கைதிக்குக்கூட இந்தச் சுதந்திரம் உண்டா என்ற கேள்வி நம் தமிழ்நாட்டிலிருந்தே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பல கொலைகள் செய்ததாகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் தன் சுயசரிதையை எழுதினான். அதை 'நக்கீரன்' பத்திரிகை வெளியிட இருந்தபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அதில் சில அதிகாரிகளின் பெயர்களும் இருந்தனவாம். 1994ல் வந்த தீர்ப்பு, அவதூறு வந்துவிடுமோ என்ற பயத்தில் அச்சாவதற்கு முன்பே தடை போட அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. பாதிக்கப்பட்டதாக நினைப்பவர்கள் வெளிவந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆட்டோ சங்கர் மேல் நமக்கு அனுதாபம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படிப்பட்டவனுக்கே இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், ஒரு தப்பும் செய்யாத நமக்கு இல்லாமல் போகுமா?

இரண்டாவது, இரண்டு இளம் பெண்களின் கதை. 2012ல் ஒரு பெரிய தலைவர் காலமானதற்காக மும்பை அடைத்துக் கிடந்தபோது, பக்கத்து ஊரான பால்கரில் 21 வயசுப் பெண் ஒருத்தி, இதற்காக ஊரையே மூட வேண்டுமா என்ற அர்த்தத்தில் முகநூலில் ரெண்டு வரி எழுதினாள். அவள் தோழி அதற்கு 'லைக்' போட்டாள். இரண்டு பேரையும் போலீஸ் கைது செய்தது. ஒரு கருத்து சொன்னதற்கும் அதை ஆமோதித்ததற்கும்! இதைப் பார்த்துக் கொதித்துப்போன சட்ட மாணவி ஷ்ரேயா சிங்கால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 2015 மார்ச் 24ல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது. அந்தப் பிரிவு, எரிச்சலூட்டுவது, அசௌகரியம் உண்டாக்குவது போன்ற விஷயங்களைக்கூடக் குற்றமாக்கி வைத்திருந்தது. எரிச்சல் என்று பார்த்தால், நாம் வீட்டில் உண்மையைச் சொன்னால்கூட யாருக்காவது எரிச்சல் வரத்தானே செய்கிறது?

மூன்றாவது, எழுத்தாளர் பெருமாள்முருகன். அவருடைய 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் பெரிய போராட்டம் நடந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தானே அறிவித்துவிட்டு எழுதுவதை நிறுத்தினார். 2016 ஜூலையில் சென்னை ஹைகோர்ட், புத்தகத்துக்கு எதிரான கோரிக்கைகளைத் தள்ளிவிட்டு, அவர் மறுபடி உயிர்த்தெழுந்து எழுத வேண்டும் என்று சொன்னது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாம். எழுதியவன் வாயை மூடுவது வேறு விஷயம்.

எதை வேண்டுமானாலும் எழுதலாமா?

"அப்போ எதிர்வீட்டு விஷயத்தை எல்லாம் எழுதிடலாமா?" என்று கேட்பீர்கள். அதுதான் கூடாது. கத்தி காய் நறுக்கவும் உதவும், கையையும் நறுக்கும். மேலே சொன்ன 1994 தீர்ப்பே இன்னொரு பக்கத்தையும் சொல்கிறது. ஒருவருடைய குடும்பம், தாம்பத்தியம், கர்ப்பம், பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்கத்தை அவர் சம்மதம் இல்லாமல் பிறர் பிரசுரிக்கக் கூடாது. கோர்ட் ரிக்கார்டு போன்ற பொது ஆவணங்களில் இருப்பதற்கு மட்டும் விதிவிலக்கு.

ஆகையால் நாத்தனார் மகளுக்கு விவாகரத்து ஆனதையும், பக்கத்து வீட்டு மாமிக்கு வந்த வியாதியையும் பெயர், ஊர் போட்டு எழுதாதீர்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, அடையாளம் தெரிகிற விவரங்களையும் மாற்ற வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் அல்லது குழந்தை இன்னார் என்று தெரியும்படி வெளியிடுவது சட்டப்படியே குற்றம். ஒருவர் நல்ல பெயரைக் கெடுக்கும்படி பொய்யாக எழுதுவது அவதூறு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தின்படி அதற்கு 2 வருஷம் வரை தண்டனை உண்டு. பொதுநன்மைக்காக உண்மையைச் சொல்வது அவதூறு ஆகாது. ஆனால் அது உண்மைதான் என்று காட்ட உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். ரேஷன் கடையைப் பற்றிப் புகார் எழுதுகிறீர்களா? பில், தேதி, எடை எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நம் பிள்ளைகள் விஷயத்திலும் கவனம் வேண்டும். எட்டாவது படிக்கிற பையன் இன்னும் படுக்கையில் நனைக்கிறான் என்று நாம் வேடிக்கையாக எழுதிவிடுவோம். நாளைக்கு அவன் சிநேகிதர்கள் அதைப் படித்தால் அவன் நிலைமை என்ன? வைத்தியக் குறிப்பு எழுதுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் வீட்டில் ஒரு தடவை பலித்தது இன்னொரு வீட்டுக் கைக்குழந்தைக்கு ஆபத்தாகலாம்.

அச்சில் போட என்ன வழி?

நடைமுறையில் என்ன செய்வது? சில குறிப்புகள்:

1. ஒரு நோட்டுப் போடுங்கள். கதை, கட்டுரை என்று மலைக்க வேண்டாம். அம்மா சொன்ன ஒரு பழக்கம், பிரசவ அறையில் பட்ட அனுபவம், ஒரு கறிக்குழம்பின் பக்குவம், ஊரில் இல்லாமல் போன ஒரு கிணறு என்று ஒரு சமயத்தில் ஒரு விஷயம் எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.

2. பத்திரிகைக்கு அனுப்பினால் ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். ஒரே சமயத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்ப வேண்டாம். புனைபெயரில் வர வேண்டும் என்றால் அதைக் குறிப்பிட்டு, சொந்தப் பெயரும் விலாசமும் ஆசிரியருக்கு மட்டும் தனியாக எழுதுங்கள். புனைபெயர் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரங்கராஜன் என்ற எஞ்சினியர் தன் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டு 'சுஜாதா'வாகத் தமிழ்நாட்டையே கலக்கவில்லையா? அவர் மனைவி பெயரில் எழுதும்போது, நாம் நம் பெயரில் எழுதக் கூடாதா?

3. எழுதிய நிமிஷமே அது உங்கள் சொத்து. 1957ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 60 வருஷமும் அந்த உரிமை இருக்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தில் எத்தனை வருஷத்துக்கு என்று போடவில்லை என்றால் 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

4. புத்தகம் போட அரசாங்கத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை. இப்போது 50, 100 பிரதிகள் மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் அச்சகங்கள் இருப்பதால் ஆயிரம் பிரதி போட்டுப் பரணில் அடுக்க வேண்டிய அவசியம் இல்லை. புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். என்ற எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள மத்திய அரசு அமைப்பு இலவசமாகக் கொடுக்கிறது. சொந்தமாக வெளியிடுகிறவர்களும் விண்ணப்பிக்கலாம். "பணம் கட்டுங்கள், புத்தகம் போட்டு விருதும் தருகிறோம்" என்று யாராவது வந்தால், எத்தனை பிரதி, என்ன விலை, உரிமை யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள்.

5. 1954ம் வருஷத்துச் சட்டப்படி, வெளியான புத்தகத்தை 30 நாளைக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். இதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். பெரிய பெரிய அறிஞர்களின் புத்தகம் இருக்கிற கட்டடத்தில் உங்கள் புத்தகமும் இருக்கும். நாளைக்கு உங்கள் கொள்ளுப்பேத்தி போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

6. சொந்தமாகப் பத்திரிகை தொடங்க வேண்டுமென்றால் பதிவு செய்ய வேண்டும். 150 வருஷத்துக்கு மேல் இருந்த பழைய சட்டம் போய், 2024 மார்ச் முதல் புதிய சட்டம் அமலில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், நம் அப்பா அம்மா காலத்தில் இருந்ததே கையெழுத்துப் பத்திரிகை, அதை லீவு நாளில் தெருக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு நடத்துங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். ஒரே பிரதிதான், அது வீடு வீடாகப் போகட்டும்.

வீட்டுக்குள் இருக்கிற தணிக்கை

சட்டத்தின் கதவு திறந்துதான் இருக்கிறது. அடுத்தது வீட்டின் கதவு. இதைத் திறக்கக் கோர்ட்டுக்குப் போக முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, தெருக் குழாயில் சாக்கடை கலந்து வருவதைப் பற்றித் தினசரிப் பத்திரிகைக்கு நாலு வரி எழுதிப் போட்டார். பெயரோடு வந்துவிட்டது. மாமனார் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம வீட்டுப் பொம்பளைப் பேரு பேப்பர்லே வர்றதாவது! நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. தண்ணீரில் புழு வந்தபோது வராத கோபம், பெயர் வந்தபோது வந்தது. அந்த அம்மாள் பதிலுக்குப் பதில் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்தும் குழாய் சரியாகாததால் இன்னொரு கடிதம் எழுதினார். இந்தத் தடவை தெருவில் இருந்த பதினோரு பெண்களிடம் கையெழுத்து வாங்கிப் போட்டார். குழாயை மாற்றினார்கள். மாமனாரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்!

தடை போடுகிறவர்கள் ஆண்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். "எழுதிக் கிழிச்சது போதும், அடுப்பிலே பால் பொங்குது பார்" என்று மருமகளைச் சொல்லுகிற மாமியார் நாமாக இருக்கலாம். டைரி எழுதுகிற மகளின் பையைக் குடைந்து பார்க்கிற தாயாரும் நாமாக இருக்கலாம். வயசுக்கு வந்த பெண் என்ன எழுதுகிறாளோ என்று வயிற்றில் புளியைக் கரைப்பது இயற்கைதான். ஆனால் அந்த நோட்டை ஒரு தடவை திருட்டுத்தனமாகப் பிரித்துவிட்டால், அதற்கப்புறம் அவள் உண்மையை எழுத மாட்டாள், நம்மிடம் பேசவும் மாட்டாள். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நோட்டு அவளுடையது.

எழுதுவதற்கு நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. கைக்குழந்தைக்காரிகளுக்குத் தலை வாரக்கூட நேரம் கிடையாது. நேரம் யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் குழந்தையை அப்பா பார்த்துக்கொள்ளட்டும். "என்ன எழுதப்போறே?" என்று கேட்டால், "முடிச்சதும் காட்டறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ரஸசுந்தரிக்கு மகன் கை கொடுத்தான், கோதைநாயகிக்குத் தோழியும் கணவரும் கை கொடுத்தார்கள், பேபி ஹால்தாருக்கு வேலை கொடுத்தவரே பேனாவும் வாங்கிக் கொடுத்தார். அப்படிக் கை கொடுக்க நம் வீட்டிலும் யாராவது இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அதே போல நாமும் யாருக்காவது கை கொடுக்கலாம். எழுத வராத மாமியாரிடம் அவர் கதையைச் சொல்லச் சொல்லி நாம் எழுதலாம். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தால் நாம் ஏழையாகிவிட மாட்டோம்.

"நல்லா இல்லாம போயிட்டா?" என்ற பயம் கடைசியாக வரும். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது என்று யாராவது மாவைக் கொட்டிவிடுகிறார்களா? ஆசிரியர் திருப்பி அனுப்பினால் திருத்தி இன்னொன்று அனுப்புவோம். பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்வார்கள். நாம் எழுதாமல் விட்டதை மட்டும் யாராலும் திருத்தவோ அச்சிடவோ முடியாது.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பிறர் அந்தரங்கத்தை எழுதுவதற்கு மட்டும் அவர்களிடம் கேளுங்கள். பையனின் போன வருஷத்து நோட்டில் எழுதாத பக்கங்கள் இருக்குமே, அதைக் கிழித்துத் தைத்தால் இன்று சாயங்காலமே தொடங்கிவிடலாம்.